இந்த வண்டிக்கு யார் காசு கொடுத்தது?

சினிமாவில் ஹீரோ வண்டியில் வந்து இறங்கும்போது நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? கூலிங் கிளாஸ், சட்டை, தலைமுடியைக் கோதுகிற ஸ்டைல், அப்புறம் வண்டி. நானும் ரொம்ப வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளாக ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. ஹீரோ கிக்கரை உதைக்கும்போதே மனசுக்குள் ஒரு குரல் கேட்கிறது: 'சரி, இந்த வண்டிக்கு யார் காசு கொடுத்தது?'

வயசாகிவிட்டதற்கு அடையாளம் என்கிறார்கள் வீட்டில். இருக்கலாம். ஆனால், இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய படங்களைத் திரும்பப் பாருங்கள். படமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும்.

முதலில் கொஞ்சம் தூரமாகப் போய்விட்டு ஊருக்குத் திரும்புவோம். 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸ், அதற்கு நாலு வருஷம் முன்னால், 1973-ல், ஒரு படம் எடுத்தார். 'அமெரிக்கன் கிராஃபிட்டி'. விண்வெளி இல்லை, ரோபோ இல்லை. மொடெஸ்டோ என்கிற தன் சொந்த ஊரைப் பற்றிய படம். கலிபோர்னியாவில், விவசாயம் நடக்கிற சமவெளியில் இருக்கிற ஊர். 1962-ம் வருஷம் கோடை விடுமுறை முடிகிற ஒரே ஒரு ராத்திரிதான் கதை. பையன்களும் பெண்களும் காரை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் மேலும் கீழும் ரவுண்டு அடிக்கிறார்கள். எங்கேயும் போய்ச் சேருவதற்காக இல்லை. சும்மா, ரவுண்டு. நம் ஊர்ப் பையன்கள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றுவார்களே, அந்த மாதிரி.

அந்தப் படத்தில் ஒரு மஞ்சள் கார் வருகிறது. 1932-ம் வருஷத்து ஃபோர்டு. கூரையை வெட்டித் தாழ்த்தி, பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு செவர்லே இன்ஜினைப் பொருத்திய வண்டி. இந்த மாதிரி மாற்றிய கார்களை அங்கே 'ஹாட் ராட்' என்பார்கள். அமெரிக்கப் பையன்கள் பழைய காரை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரித்து, தாங்களே வேகம் ஏற்றி ஓட்டியது ஒரு காலம். படத்தில் ஜான் மில்னர் என்ற இளைஞன்தான் மஞ்சள் காரின் சொந்தக்காரன். ஊரிலேயே வேகமான ஆள். பொழுது விடிகிற நேரத்தில் அவனோடு பந்தயத்துக்கு வருகிற இன்னொரு இளைஞன் யார் தெரியுமா? பின்னாளில் பெரிய ஸ்டார் ஆன ஹாரிசன் ஃபோர்டு.

படம் முடிந்ததும் அந்த மஞ்சள் காரை விற்கப் பார்த்தார்களாம். 1500 டாலருக்குக்கூட வாங்க ஆள் வரவில்லை என்பது அந்தக் காரைப் பற்றி இன்றும் சொல்லப்படுகிற கதை. இன்றைக்கு அதைப் பார்க்கிற பெரியவர்கள் கண் கலங்குகிறார்கள். மொடெஸ்டோவில் கோடைக்குக் கோடை பழைய கார்களை ஊர்வலமாக ஓட்டித் திருவிழாவே நடத்துகிறார்கள்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். மில்னர் வண்டிக்கு யார் காசு கொடுத்தது? படத்தில் அவனுடைய அப்பா, அம்மா கண்ணிலேயே படுவதில்லை. வண்டி அவனுடையது. அவன் கை, அவன் கிரீஸ், அவன் காசு. அதனால்தான் அந்தக் கார் தோற்றுவிடுமோ என்ற பயமும் அவன் ஒருவனுடையதாகவே இருக்கிறது.

அதே 1973. அமெரிக்காவில் அந்தப் படம் வந்த அடுத்த மாசம் இங்கே 'பாபி' வந்தது. ராஜ் கபூர் எடுத்தது. ரிஷி கபூர், டிம்பிள் கபாடியா. இந்தி தெரியாத நம் ஊர்க்காரர்களுக்கும் அந்தப் படத்தின் பாட்டு தெரியும். அதில் ரிஷி கபூர் ஒரு குட்டி மோட்டார் பைக்கில் வருவார். ராஜ்தூத் கம்பெனியின் 175 சி.சி. வண்டி. படம் ஓடிய ஓட்டத்தில் கம்பெனி வைத்த பெயர் எடுபடாமல் போய், 'பாபி வண்டி' என்பதே பெயராக நிலைத்துவிட்டது. டிம்பிள் பின்னால் உட்கார்ந்து போன வண்டி என்றால் சும்மாவா?

அந்த வண்டிக்கு யார் காசு கொடுத்தது? கேள்வியே எழாது. ஹீரோ பணக்காரரின் பையன். அப்பாவாக வருகிறவர் பிரான். அவர் வீட்டில் ஒரு பைக் வாங்குவது நாம் கொத்தமல்லிக்கட்டு வாங்குகிற மாதிரி.

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

2007 நவம்பர் 8. தீபாவளி. விஜய்க்கு 'அழகிய தமிழ்மகன்', சூர்யாவுக்கு 'வேல்'. இரண்டுக்கும் நடுவில் புது டைரக்டர் ஒருவரின் படமும் ரிலீஸ். டைரக்டர் வெற்றிமாறன், ஹீரோ தனுஷ், படம் 'பொல்லாதவன்'. வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிற ஒரு பையன். அப்பா பாக்கெட்டில் கை வைக்கிறவன். ஒருநாள் மாட்டிக்கொள்கிறான். வாக்குவாதம். 'என்னைச் சரியாகப் படிக்கவைத்தீர்களா, எனக்கு என்ன செய்தீர்கள்?' என்று அப்பாவையே திருப்பிக் கேட்கிறான். நொந்துபோன அப்பா பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பணத்தில் அவன் ஒரு பல்சர் பைக் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். வீடே கொதிக்கிறது. ஆனால், அந்த வண்டியால்தான் அவனுக்கு வேலை கிடைக்கிறது. காதலும் கூடி வருகிறது. எல்லாம் சரியாகிற நேரத்தில் வண்டி காணாமல் போகிறது. அதைத் தேடிப் போவதுதான் மீதிப் படம்.

பாருங்கள், இங்கே கேள்வி கேட்கவே வேண்டாம். காசு யார் கொடுத்தது என்பதிலிருந்துதான் கதையே ஆரம்பிக்கிறது.

உலக சினிமா பார்க்கிறவர்கள் உடனே 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்பார்கள். 1948-ல் இத்தாலியில் விட்டோரியோ டி சிகா எடுத்த படம். போஸ்டர் ஒட்டுகிற வேலைக்கு சைக்கிள் கட்டாயம். சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி வீட்டிலிருக்கிற படுக்கை விரிப்புகளை உருவி மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் அடகு வைத்து சைக்கிளை மீட்கிறாள். அந்த சைக்கிள்தான் திருடு போகிறது. படம் முழுக்க நாம் பதறுவது சைக்கிளுக்காக இல்லை. அன்றைக்கு ராத்திரி விரிப்பே இல்லாத கட்டிலில் படுக்கப்போகிற அந்தக் குடும்பத்துக்காக.

'பொல்லாதவன்' வந்தபோது பல்சர் புது வண்டி இல்லை. 2001-லேயே வந்துவிட்டது. அதற்கு முன்னால் எங்கள் மேட்டூர்ப் பக்கம் என்ன வண்டி இருந்தது என்கிறீர்கள்? விவசாயிக்கு டி.வி.எஸ். 50. ஓசூரில் செய்து அனுப்புவார்கள். அதில் இரண்டு பால் கேன், ஒரு புல்லுக்கட்டு, ஒரு மனைவி, இரண்டு பிள்ளை எல்லாம் ஏறும். ஆபீஸ் போகிறவருக்கு ஸ்ப்ளெண்டர். கொஞ்சம் வேகம் பிடித்த பையன்களுக்கு ஆர்.எக்ஸ். 100. அது 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி என்பதால், யாரோ ஓட்டிய பழசைத் தேடிப் பிடிக்க வேண்டும். பளபளவென்று ஷோரூமிலிருந்து எடுக்கிற மாதிரி, பார்த்தால் 'பெரிய வண்டி' என்று சொல்லவைக்கிற மாதிரி, அதே சமயம் கஷ்டப்பட்டால் கைக்கு எட்டுகிற மாதிரி வந்தது பல்சர்தான். பின்னால் இரண்டு சிவப்புக் கோடாக எரிகிற விளக்கு வந்தபோது, முன்னால் போகிற வண்டி பல்சர் என்று இருட்டிலும் சொல்லிவிடலாம்.

தனுஷ் ஓட்டியதும் அதற்கு ஒரு அந்தஸ்து கூடிவிட்டது. எங்கள் ஊரில் கறுப்பு பல்சருக்குப் 'பொல்லாதவன் வண்டி' என்றே பெயர். சாயங்காலமானால் சதுரங்காடியில் ஆரம்பித்து அணைப் பூங்கா, அங்கே ஒரு மீன் வறுவல், அப்புறம் பதினாறு கண் பாலம், திரும்பி மறுபடி சதுரங்காடி. மொடெஸ்டோவில் நடந்ததுதான். காருக்குப் பதில் பைக், ஹாம்பர்கருக்குப் பதில் கட்லா. அணை 120 அடியை எட்டி உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சேலம், ஈரோட்டிலிருந்தெல்லாம் பையன்கள் வந்துவிடுவார்கள். தண்ணீரை ஒரு பார்வை, பக்கத்து வண்டியை நாலு பார்வை.

அந்த ரவுண்டில் எனக்குத் தெரிந்த ஒரு பையனும் இருந்தான். குஞ்சாண்டியூர்ப் பக்கம். அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறவர். படம் பார்த்த கையோடு பல்சர் வேண்டும் என்று வீட்டில் நின்றவன், 2008 பொங்கலுக்கு வாங்கியேவிட்டான். இப்போது அவனுக்கு நாற்பது வயசு. காதோரம் நரை. வண்டி இன்னும் வீட்டில் நிற்கிறது.

போன தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன். திண்ணையோரம், பழைய வேட்டி போர்த்திய நிலையில் நின்றது. "என்னப்பா, இன்னும் இதை வெச்சிருக்கியா?" என்றேன்.

"கெடக்குதுங்கண்ணா" என்றான். சும்மா கிடக்கிற வண்டிக்கா வேட்டி போர்த்துவார்கள்?

பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வந்தது. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம்தான் செல்லும். 2023 தொடக்கத்தில் கெடு முடிந்தது. புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 2022-ல் கட்டணத்தை ஏற்றியதில் பைக்குக்குப் புதுப்பிக்க மட்டும் 1000 ரூபாய். அது போகப் பசுமை வரி, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட். அதற்கு முன்னால் வண்டியை ஓடவைக்க வேண்டுமே! இரண்டு டயர், பேட்டரி, செயின், கார்புரேட்டர் வேலை. மெக்கானிக் நீளமாக ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய இரும்புக்காரர் நாலாயிரத்துக்குக் கேட்டிருக்கிறார். ஓடவைக்கிற செலவு அதைவிடப் பல மடங்கு. கணக்குத் தெரிந்த யாரும் விற்றுவிடுவார்கள்.

இவன் புதுப்பித்திருக்கிறான்.

"தனுஷ் மேல அவ்வளவு பாசமா?" என்று கிண்டல் செய்தேன். சிரித்தான். அப்புறம்தான் என்னுடைய வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "ஆமா, அப்ப இந்த வண்டிக்கு யார் காசு கொடுத்தது?"

அவன் பதில் சொல்வதற்கு முன்னால், திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அவன் அக்கா சொன்னாள். "மாடு குடுத்துச்சு."

வீட்டில் ஒரு கறவை மாடு இருந்ததாம். அம்மா காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அதை விற்றதில் முன்பணத்தில் பாதி வந்தது. மீதிக்கு அப்பாவின் சீட்டுப் பணம். அக்காவுக்குத் தையல் மெஷின் வாங்கப் போட்டுவைத்திருந்த சீட்டு. அதிலும் துண்டு விழுந்ததற்கு அக்காவின் ஜிமிக்கி அடகுக்குப் போனது. மிச்சம் மாசத் தவணை, 36 மாசம். அன்றைக்கு ரோட்டுக்கு வரும்போது வண்டி விலை 60 ஆயிரத்துக்கு மேல். மாட்டை விற்ற பிறகு அம்மா அடுத்தவர் காட்டில் களை எடுக்கப் போனார்.

பல்சரை அந்தக் காலத்தில் ஆண்பிள்ளை வண்டி என்று சொல்லித்தான் விளம்பரம் செய்தார்கள். ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஊரில் அந்த ஆண்பிள்ளை வண்டி ஒரு பசுமாட்டின் மடியிலிருந்தும் ஒரு பெண்ணின் காதிலிருந்தும் வந்தது.

"எனக்கும் ஒருக்கா ஓட்டக் கத்துக்குடுடான்னேன். பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குன்னுட்டான்" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. மொச்சையை உரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் அந்த வண்டியில் ஏறியது ஒரே ஒரு தடவை. வாங்கிய அன்றைக்கு அணைக்கட்டு முனியப்பன் கோயிலுக்குப் பூஜை போடப் போனார்கள். அம்மாவும் அக்காவும் டவுன் பஸ்ஸில். அப்பா மட்டும் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். மகன் தோளைப் பிடிக்கவில்லை. பின்னாலிருக்கிற கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம். எலுமிச்சம்பழத்தின் மேல் டயர் ஏறியதும், 'ஆச்சு, நீ மெதுவா வா' என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் கடைசிவரைக்கும் சைக்கிள்தான்.

"அப்பா சினிமா பாக்கலீங்கண்ணா. படத்துல வண்டி திருட்டுப் போற கதைய நாந்தான் ஒருநாள் சோறு திங்கறப்ப சொன்னேன். ஒண்ணும் பேசல. மறுநா தறிக்கொட்டாய்ல இருந்து ஒரு இரும்புச் சங்கிலி எடுத்துட்டு வந்தாரு. ராத்திரியானா வண்டியத் தூண்ல கட்டிப் பூட்டுவாரு. கட்டிலப் பக்கத்துல போட்டுப் படுத்துக்குவாரு. தவணை முடியற வரைக்கும், மூணு வருஷம் அப்படித்தான்."

யோசித்துப் பாருங்கள். ஊர் முழுக்கப் பையன்கள் 'பொல்லாதவன்' பார்த்துவிட்டு, தனுஷ் மாதிரி திரும்பிப் பார்க்கவும் சட்டைக் காலரைத் தூக்கிவிடவும் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர், படத்தையே பார்க்காத அந்த மனிதர்தான்.

வண்டி அந்த வீட்டுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நியாயமாகாது. அப்போது பேப்பரில் வருகிற வேலை விளம்பரங்களில் 'டூ வீலர் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். வண்டி இருந்ததால் அவனுக்கு ஆர்டர் எடுக்கிற வேலை கிடைத்தது. மேச்சேரி, ஜலகண்டாபுரம், எடப்பாடி, தாரமங்கலம், ஓமலூர் என்று கடை கடையாக ஏறி இறங்கினான். முதலில் ஜிமிக்கி திரும்பி வந்தது. அப்புறம் ஒரு மாடு. தையல் மெஷின் வருவதற்குள் அக்காவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அதையும் அவள்தான் சொன்னாள்.

எங்கள் மேட்டூர் அணையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1925-லிருந்து 1934 வரைக்கும் கட்டிய அணை. அது நிரம்பியபோது பல ஊர்கள் தண்ணீருக்குள் போயின. கோடையில் தண்ணீர் இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் முழுகிப்போன கோயிலின் நந்தியும், பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே தெரியும். ஜனங்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள். கோபுரம் மட்டும் தெரிகிற வரைக்கும் அது ஒரு வேடிக்கைதான். தண்ணீர் இன்னும் இறங்கி, அதன் கீழே ஜனங்கள் குடியிருந்த மண் தெரிகிறபோதுதான், அடடா, இங்கே ஒரு ஊர் இருந்திருக்கிறது என்று நமக்கு உறைக்கும்.

பழைய வண்டிகள் மேல் நமக்கு இருக்கிற ஏக்கமும் அப்படித்தான். மேலே தெரிவது வண்டி, அந்தப் பாட்டு, அந்த வயசு. அதோடு நிறுத்திக்கொண்டால் அது நல்ல பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே பேசலாம். இன்னும் கொஞ்சம் வற்றவிட்டால்தான் மாடு தெரியும், சீட்டு தெரியும், ஜிமிக்கி தெரியும், தூணில் கட்டிய சங்கிலி தெரியும்.

அமெரிக்கன் மஞ்சள் காரை நினைத்து ஏங்குகிறபோது தன்னுடைய இளமையை நினைத்து ஏங்குகிறான். அது அவன் கையால் கட்டிய வண்டி. அந்த ஏக்கம் அவனுக்கு மட்டுமே சொந்தம். நம்மால் அப்படித் தனியாக ஏங்க முடியாது. நம் வீட்டு முதல் வண்டியில் முன்னால் உட்கார்ந்தது ஒருவர், அதைத் தூக்கிக்கொண்டு வந்தது நாலு பேர். நம் ஏக்கத்தில் நாலு பேருக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கொடுக்காமல் வண்டியை மட்டும் துடைத்துத் துடைத்துப் பார்ப்பது, மொய் வைக்காமல் பந்தியில் உட்காருகிற மாதிரி.

இவன் அந்தப் பங்கைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆர்.சி. புதுப்பித்ததை நான் அப்படித்தான் பார்க்கிறேன். கிளம்பும்போது அவன் மகள் ஸ்கூட்டரில் காலேஜிலிருந்து வந்து இறங்கினாள். வண்டி அவள் பேரிலேயே இருக்கிறதாம். "இதுக்கு யார் காசு கொடுத்தது?" என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "இது அவன் காசு. முழுசா அவன் காசு." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் தம்பியைப் பற்றி ஒரு பெருமை இருந்தது.

அதனால் உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு முதல் வண்டி இருந்திருக்கும். சுவேகா, லாம்ப்ரெட்டா, எம்-80, ஜாவா, பல்சர், எதுவாகவும் இருக்கட்டும். இப்போது அது பேரீச்சம்பழத்துக்கே போயிருந்தாலும் பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது கேட்டுப் பாருங்கள். 'அந்த வண்டிக்கு யார் காசு கொடுத்தது?' முதலில் 'லோன் போட்டதுதான்' என்பார்கள். விடாதீர்கள். முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் ஒரு வளையல், ஒரு பி.எஃப். பணம், ஒரு துண்டு நிலம், ஒரு மாடு என்று ஏதாவது ஒன்று வெளியே வரும்.

அதைக் கொடுத்தவர் இன்னும் இருக்கிறாரா? அப்படியென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இப்போது உங்களிடம் இருக்கிற வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போய்வாருங்கள். 'எனக்கு எதுக்குப்பா?' என்பார். விடாதீர்கள். பின்னால் உட்கார்ந்தாலும் கம்பியைத்தான் பிடிப்பார். கையை எடுத்து உங்கள் தோளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் மட்டும் ரெண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.